டாம்கேட் திணறினால் எதைப் போடுவது: க்ளோரூட்டா, ஜேஎஃப்ஆரா, ப்ரோமிதியஸா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடை ஒன்றுக்கான பில்லிங் மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். 4 ஜிபி மெமரி, உபுண்டு 22.04, ஜாவா 17, டாம்கேட் 9 (ஜாவா செயலிகளை ஓட்டும் சர்வர்), அதே பெட்டியில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். சாயங்கால நெரிசலில் பில் சேவ் ஆக மூன்று நொடி இழுக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்க இலவசமாகவே மூன்று வழி இருக்கிறது.

இந்த அளவு பெட்டிக்கு முதலில் போட வேண்டியது, ஜாவா செயலி எங்கே நேரம் இழுக்கிறது என்று காட்டும் க்ளோரூட்தான். ஜிப்பை விரித்து, ஜாவாஏஜென்ட் ஆப்ஷனில் அதன் ஜார் கோப்பைக் காட்டி ரீஸ்டார்ட் செய்தால் 4000-ஆம் போர்ட்டில் திரை வரும். தனி டேட்டாபேஸ் தேவையில்லை; தன் ஃபோல்டரிலேயே எழுதிக்கொள்ளும். பலர் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். ஆப்ட் (உபுண்டுவின் மென்பொருள் நிறுவி) மூலம் போட்ட டாம்கேட்டை, குறிப்பிட்ட சில ஃபோல்டர்களைத் தவிர வேறெங்கும் எழுத சிஸ்டம்டி (சர்வீஸ்களை நடத்தும் லினக்ஸ் பகுதி) விடாது. ஃபோல்டரை டாம்கேட் பயனர் பெயருக்கு மாற்றினாலும் பலன் இல்லை. சர்வீஸின் ஓவர்ரைடு கோப்பில் 'ரீட்ரைட்பாத்ஸ்' வரியாக அந்த ஃபோல்டரைச் சேர்த்தாக வேண்டும்.

இன்னொன்று: மெதுவான ட்ரேஸ் (ஒரு வேலை எப்படி ஓடியது என்ற விவரப் பதிவு) என்று க்ளோரூட் எடுத்துவைப்பது 2 நொடியைத் தாண்டியதை மட்டும். அமைப்புப் பக்கத்தில் 500 மில்லிசெகண்டாகக் குறைத்துவிடுங்கள். பிறகு க்வெரி பக்கத்தைத் திறந்தால் குட்டு வெளிப்படும்: பில்லில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே செலக்ட் தனித்தனியாக ஓடியிருக்கும். திரை அந்தச் சர்வருக்குள் மட்டுமே திறக்கும்படிதான் வருகிறது. அதை மாற்றாமல் எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குப் போகும் பாதுகாப்பான பாதை) வழியாகப் பார்ப்பதே நல்லது.

ஜேஎஃப்ஆர் (ஜாவா ஃப்ளைட் ரெக்கார்டர் என்ற பதிவுக் கருவி) ஜாவாவுக்குள்ளேயே இருக்கிறது. ஜாவா 8-இல் 262-ஆம் அப்டேட்டிலிருந்து ஓப்பன்ஜேடிகேயிலும் உண்டு. டீஃபால்ட் அமைப்பில் சுமை சுமார் 1 சதவீதம்தான். ஜிசி (தேவையற்ற மெமரியை விடுவிக்கும் வேலை) நிறுத்தங்கள், லாக்குக்காகக் காத்திருக்கும் த்ரெட், மெமரியைத் தின்னும் மெத்தட் எல்லாவற்றையும் மிஷன் கன்ட்ரோல் என்ற பார்வைக் கருவியில் திறந்து பார்க்கலாம். இந்த ஆழம் மற்ற இரண்டிலும் இல்லை. ஆனால் மேலே சொன்ன பில் சிக்கலை இது கோட்டை விட்டுவிடும். ஜாவா 17-இல் சாக்கெட் ரீட் (நெட்வொர்க் வழியே பதிலைப் படிப்பது) 20 மில்லிசெகண்டைத் தாண்டினால்தான் பதிவாகும். 2 மில்லிசெகண்ட் க்வெரி ஆயிரம் ஓடினாலும் அந்தப் பட்டியலில் ஒன்றுகூட வராது. ஜேசிஎம்டி (ஓடும் ஜாவாவுக்குக் கட்டளை தரும் கருவி) பட்டியலில் டாம்கேட்டே தென்படவில்லையா? வேறு பயனராக ஓட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் சிஸ்டம்டியின் 'பிரைவேட்டெம்ப்' (சர்வீஸுக்குத் தனி தற்காலிக ஃபோல்டர்) மறைத்திருக்கும். தொடக்க ஆப்ஷனிலேயே ரெக்கார்டிங்கைப் போட்டு, அதிகபட்சம் 12 மணி நேரம், 200 எம்பி என்று வரம்பு கட்டிவிட்டால், குறைந்தபட்சம் தொடங்குவதற்கு ஜேசிஎம்டி தேவைப்படாது.

அளவுகளைச் சேகரிக்கும் ப்ரோமிதியஸும், அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபனாவும் நாலைந்து சர்வர் இருந்தால்தான் உழைப்புக்கு ஈடு. ஜாவாவின் அளவுகளை ப்ரோமிதியஸுக்குத் தரும் ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டரை ஏஜென்டாகச் சேர்த்து, 9404 போர்ட்டைக் கொடுப்பது வழக்கம். டார் கோப்பிலிருந்து போட்ட டாம்கேட்டில் இதை 'ஜாவா ஆப்ட்ஸ்' மாறியில் எழுதினால் ஷட்டவுன் ஸ்கிரிப்டும் அதே ஏஜென்டை ஏற்றி, போர்ட் பிடிபட்டிருக்கிறது என்று விழுந்துவிடும், டாம்கேட் நிற்காது. 'கேட்டலினா ஆப்ட்ஸ்' மாறியில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. தனி க்வெரியை இது காட்டாது. ஹீப் (ஜாவா பயன்படுத்தும் மெமரி), த்ரெட் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத்தான் காட்டும். டீஃபால்ட்டாக 15 நாள் வைத்திருக்கும். அதே 4 ஜிபி பெட்டியில் இதையும் ஏற்றினால் டாம்கேட்டோடு மெமரிக்குப் போட்டி போடும்.

ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் ஓடினால் கணக்கு மாறுகிறது. ப்ரோமிதியஸ் தானே போய்த் தகவலை எடுக்கும் கருவி. மலை மேலே இருக்கும் இணைப்புக்குப் பொது ஐபி இல்லையென்றால் சேலத்திலிருந்து நேரடியாக எடுக்க வழியில்லை. அங்கேயே ப்ரோமிதியஸை ஏஜென்ட் மோடில் ஓட்டி, ரிமோட் ரைட் (தகவலைத் தானே அனுப்பும் வசதி) மூலம் கீழே சேலத்துக்குத் தள்ளலாம். லைன் டீஃபால்ட் வரம்பான 4 மணி நேரத்துக்கு மேல் போய்விட்டால் அனுப்பாமல் தேங்கிய தகவல் அழிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் இதை நம்ப முடியாது. அங்கே ஜேஎஃப்ஆரை ஓடவிட்டு, லைன் வந்ததும் கோப்பைச் சுருக்கி இறக்கிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.