சீனாவில் மெஷின் வாங்கும் முன்: பேட்ஜ், லைசென்ஸ், இன்ஸ்பெக்ஷன், நேரில் போவது – எதை எவ்வளவு நம்பலாம்?

மசாலா பேக்கிங் மெஷின் ஒன்றைச் சீனாவிலிருந்து இறக்கலாம் என்று என் மைத்துனன் கிளம்பியபோது அவன் கையில் மூன்று கொட்டேஷன் இருந்தது. மூன்றிலும் ஒரே மெஷின், ஒரே போட்டோ, விலை மட்டும் எங்கெங்கோ. மூன்று பேருமே ஜெஜியாங் மாகாணத்து ருய்யானில் சொந்த ஃபேக்டரி என்றார்கள். "மூணு பேரும் அலிபாபாவுல பேட்ஜ் வெச்சிருக்காங்க மச்சான், அப்புறம் என்ன?" என்றான்.

பேட்ஜிலிருந்தே தொடங்குவோம். அலிபாபா என்ற ஆன்லைன் சந்தையில் கோல்டு சப்ளையர் என்பது விற்பவர் காசு கட்டி வாங்கும் மெம்பர்ஷிப். 2011 பிப்ரவரியில் அலிபாபா நிறுவனமே, கோல்டு பேட்ஜ் வைத்திருந்த 2,300-க்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள் வாங்குபவர்களை ஏமாற்றியிருக்கிறார்கள், தன் ஊழியர்களில் சுமார் 100 பேர் அதற்கு உடந்தை அல்லது கண்டும் காணாமல் இருந்தவர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. தலைமைச் செயல் அதிகாரியே பதவி விலகினார். வெரிஃபைடு பேட்ஜ் இதைவிடக் கனமானது, எஸ்.ஜி.எஸ்., டியூவி மாதிரி வெளி நிறுவனங்கள் ஆய்வு செய்து தருவது. அதற்கும் ரிப்போர்ட்டைத் திறந்து எந்த முகவரியில், எந்தத் தேதியில் பார்த்தார்கள் என்று படிக்க வேண்டும். அந்தத் தளத்தில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது பேட்ஜ் இல்லை, டிரேட் அஷ்யூரன்ஸ்தான். ஆர்டரும் பணமும் தளத்துக்குள்ளேயே நடந்தால் தகராறு வரும்போது கேட்க ஓர் இடம் இருக்கும். "நேரடியா அனுப்புங்க, கொஞ்சம் குறைச்சுத் தர்றோம்" என்ற பேச்சுக்கு இசைந்தால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடும்.

காசு செலவில்லாமல் அதிகம் சொல்லிக்கொடுப்பது பிசினஸ் லைசென்ஸ். அதைக் கேட்டு வாங்குங்கள், தரத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள். 2015 அக்டோபரிலிருந்து சீனக் கம்பெனிகளுக்கு 18 இலக்க ஒரே எண். முதல் இரண்டு இலக்கம் 91 என்றால் கம்பெனி, 92 என்றால் தனிநபர் கடை. அடுத்த ஆறு இலக்கம் ஊர்: ருய்யானுக்கு 330381, ஷென்ஜென் என்றால் 4403 என்று தொடங்கும். மைத்துனனுக்கு வந்த முதல் லைசென்ஸில் 91330381 இருந்தது. இரண்டாவது ஆளின் எண் 914403 என்று தொடங்கியது. அதாவது ருய்யானில் ஃபேக்டரி என்று சொன்னவர் ஷென்ஜெனில் பதிவான வியாபாரி. வியாபாரியிடம் வாங்குவது தப்பே இல்லை, சில சமயம் அவர்தான் பொறுமையாகப் பதில் சொல்வார், ஆனால் முதல் கேள்விக்கே பொய் சொன்னவரை நான் ஒதுக்கிவிடுவேன். மூன்றாமவர் லைசென்ஸே தரவில்லை, ஒரு தனிநபர் பெயரில் வங்கிக் கணக்கை அனுப்பினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எண் கிடைத்ததும் சீன அரசின் கம்பெனி தகவல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். இலவசம்தான், ஆனால் முழுக்கச் சீன மொழி, வெளிநாட்டிலிருந்து திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், சீனம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. அங்கே சட்டப்படி செல்லுபடியாகும் பெயர் சீனப் பெயர் மட்டும்தான். விசிட்டிங் கார்டில் இருக்கும் ஆங்கிலப் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. பதிவான மூலதனம் கோடிக்கணக்கில் இருந்தாலும் மயங்க வேண்டாம், அந்தத் தொகையை உடனே கட்ட வேண்டும் என்ற கட்டாயம் 2014-இலேயே போய்விட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம்கூட ஐந்து வருட அவகாசம் தருகிறது. தொழில் வகை என்ற பத்தியில் தயாரிப்பு என்று இருக்கிறதா, வெறும் விற்பனை மட்டுமா என்று பாருங்கள், அதுதான் முக்கியம்.

ஆனால் லைசென்ஸ் கம்பெனி இருப்பதைத்தான் சொல்லும், நம் மெஷின் எப்படி இருக்கிறது என்று சொல்லாது. அதற்கு ஆள் போக வேண்டும். நேரில் போவதற்கு ஈடு எதுவும் இல்லை, குவாங்ஜோவில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் கேண்டன் ஃபேரோடு சேர்த்துப் போனால் ஒரே பயணத்தில் பல பேரைப் பார்க்கலாம். ஒரே ஒரு சின்ன மெஷினுக்கு விசா, டிக்கெட், ரூம் செலவு கட்டாது. அப்படிப்பட்ட ஆர்டருக்கு எஸ்.ஜி.எஸ்., பீரோ வெரிடாஸ் போன்ற வெளி நிறுவனங்களின் இன்ஸ்பெக்ஷன்தான் சரி, ஒரு நாள் வேலைக்குச் சில நூறு டாலர். ஆனால் நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். நாங்கள் "மசாலா படும் பாகம் 304 ஸ்டீலா என்று சோதிக்கவும்" என்று தனியாக எழுதியிருந்தோம், மசாலா கொட்டும் தொட்டியான ஹாப்பர் மட்டமான 201 ஸ்டீல் என்று ரிப்போர்ட் வந்தது. 30 சதவீதம் மட்டுமே அட்வான்ஸ் கொடுத்து, விலையில் 70 சதவீதம் நம்மிடமே பாக்கி இருந்ததால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே பேலன்ஸுக்கு முன்னால் இன்ஸ்பெக்ஷன் வையுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். நமக்காகச் சப்ளையரைத் தேடிப் பேசித்தரும் சோர்ஸிங் ஏஜென்ட் வைப்பதானால் அவருக்கு நாமே சம்பளம் கொடுக்க வேண்டும், சப்ளையரிடம் கமிஷன் வாங்குபவர் நமக்காகச் சண்டை போட மாட்டார்.

எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது கேட்ட டாக்குமெண்ட் வந்தால் விற்பவருக்குப் பணம் தருகிறோம் என்று வங்கி கொடுக்கும் உத்தரவாதம்) போட்டால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யுசிபி 600-இலேயே அப்படித்தான் இருக்கிறது. பெட்டிக்குள் செங்கல் இருந்தாலும் டாக்குமெண்ட் சரியாக இருந்தால் பணம் போய்விடும். ஆகவே எல்.சி.யோடு இன்ஸ்பெக்ஷன் சர்டிஃபிகேட்டையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். பெரிய தொகைக்கு அது சரி, சில லட்சம் ரூபாய் மெஷினுக்கு வங்கிச் செலவே உறுத்தும், 30 சதவீதம் அட்வான்ஸ், 70 சதவீதம் பிறகு என்பதுதான் நடைமுறை. அட்வான்ஸ் அனுப்பிச் சரக்கு வரவில்லை என்றால் பணம் போனதோடு விஷயம் முடியாது, சரக்கு இறங்கியதற்கான சுங்க ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியைக் காட்டும் வரை, இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் ஐ.டி.பி.எம்.எஸ். பதிவில் அந்தக் கணக்கு திறந்தே கிடக்கும், வங்கி நம்மைத்தான் கேட்கும்.

முதல் ஆர்டர், சின்னத் தொகை என்றால் என் தேர்வு இதுதான்: லைசென்ஸ் எண், ஃபேக்டரி வாசல் போர்டிலிருந்து மெஷின் ஓடுவது வரை வெட்டாமல் ஒரு வீடியோ கால், 30 சதவீதம் அட்வான்ஸ், இன்ஸ்பெக்ஷன், அப்புறம் பேலன்ஸ். வங்கிக் கணக்கின் பெயர் லைசென்ஸ்காரருடையதாகவே இருக்க வேண்டும். பேலன்ஸ் அனுப்பும் நேரத்தில் "ஆடிட் நடக்கிறது, புதுக் கணக்குக்கு அனுப்பவும்" என்று மெயில் வந்தால், நல்ல சப்ளையரின் மெயிலுக்குள்ளேயே வேறு யாரோ புகுந்திருக்கலாம். அந்த மெயிலுக்குப் பதில் போடாமல், முதலில் வீடியோ காலில் பேசிய அதே எண்ணுக்குக் கூப்பிட்டுக் கணக்கு எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.