கெய்ர்சொப்பா வெள்ளிக்காசு: வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு

தம்பி கப்பல் வேலைல இருக்கான், அவன்கிட்ட சொல்லி வச்சு வாங்கினது. எஸ்.எஸ். கெய்ர்சொப்பாங்குற கப்பல்ல இருந்து எடுத்த வெள்ளிய வச்சு பிரிட்டன் அரசோட நாணய சாலை ராயல் மின்ட் அடிச்ச பிரிட்டானியா காசு (அவங்க வழக்கமா அடிக்கற வெள்ளிக்காசு வகை), கால் அவுன்ஸ், 50 பென்ஸ், வருஷம் 2013. அளவு நம்ம ஒத்த ரூபா காசு மாதிரிதான். நாகர்கோவில்ல எங்களுக்கு பழக்கமான தட்டான்கிட்ட காட்டினேன், உரசாமலே பாத்துட்டு கொள்ளாம், நல்லாதான் இருக்குனு சொன்னாரு.

விஷயம் இருக்கறது காசோட ஓரத்துலதான். சுத்தி கப்பல் பேர பொறிச்சிருக்கு, நகத்தால தடவினா தெரியும். ஆனா பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள இருந்தா அந்த ஓரம் மறைஞ்சு போகுது, வெளிய எடுத்தாதான் படிக்க முடியும்.

1919ல இங்கிலாந்துல கட்டின சரக்கு கப்பல், பேரு கர்நாடகா கெருசொப்பா அருவியோடது, நாம ஜோக்னு சொல்றோமே அதான். 1940 டிசம்பர்ல கல்கத்தால இருந்து வார்ப்பிரும்பு, தேயிலை, கூடவே டன் கணக்குல வெள்ளியும் ஏத்திட்டு கெளம்பி, மேற்கு ஆப்பிரிக்கா ஃப்ரீடவுன்ல கான்வாய்ல, அதாவது போர் நேரத்துல பாதுகாப்புக்கு சேந்து போற கப்பல் கூட்டத்துல சேந்து, காத்துல மாட்டி கரி தீந்து போற நெலமைல கூட்டத்த விட்டு தனியா அயர்லாந்து பக்கம் திரும்பினப்போ 1941 பிப்ரவரில ஜெர்மன் நீர்மூழ்கி யு-101 டார்பிடோ போட்டுருச்சு. பதிமூணு நாளு லைஃப்போட்ல கெடந்து உயிரோட கரை சேந்தது செகண்ட் ஆபீசர் ரிச்சர்ட் அயர்ஸ் ஒருத்தர் மட்டும். 2011ல 4,700 மீட்டர் ஆழத்துல, டைட்டானிக்க விட கீழ, கப்பல கண்டுபிடிச்சு அடுத்த ரெண்டு வருஷத்துல 100 டன்னுக்கு மேல வெள்ளி எடுத்தாங்க.

எனக்கு மனசு ஆறாதது, வித்தவங்க கூட வச்ச தாள்ல வெள்ளி எத்தனை கட்டினு முழு பக்கம் இருக்கு, கப்பல்ல வேலை பாத்த லஸ்கருங்க, நம்ம நாட்டு ஆளுங்க, அவங்கள பத்தி ஒத்த வரி இல்ல. செத்தவங்கள்ல பெரும்பாலும் அவங்கதான். ஒக்கி புயல்ல கடலோட போன ஆள இன்னும் கதவ பாத்துட்டு இருக்குற வீடு எங்க தெருவுலயே இருக்கு, அதனால இத லேசா விட எனக்கு முடியல.

அப்பா முப்பது வருஷம் வள்ளத்துல போனவரு, காசை கைல வச்சிட்டு வெள்ளிய பத்தி ஒண்ணும் கேக்கல, "அந்த போட்ல குடிக்க தண்ணி எத்தன நாளைக்கு இருந்துச்சு மக்கா?"ன்னாரு.

வாங்குறவங்க ஓரத்துல எழுத்து இருக்கானு வீடியோ கால்ல பாத்துட்டு பணம் போடுங்க, முகப்ப மட்டும் பாத்தா சாதா பிரிட்டானியானு வித்தியாசம் தெரியாது.