யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்கள் டியூனிங்குக்கு வண்டியை விடும் முன் படிக்கவும்

கோவையில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்றே பேர் வாங்கிய ஒரு பட்டறையில் என் ஆர்எக்ஸ் 100 பட்ட பாட்டை எழுதுகிறேன். பட்டறையின் பெயர் வேண்டாம். செய்த வேலையைச் சொன்னாலே போதும், வேறு எங்கே இப்படி நடந்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

1994 மாடல், மாமா ஓட்டிய வண்டி. எக்ஸ்பேன்ஷன் சேம்பர் சைலன்சர் போட்டபின் நடு ரேஸில், அதாவது ஆக்சிலேட்டரைப் பாதி திருகும்போது, கொஞ்சம் திணறியது. சைலன்சர் மாறினால் எஞ்சின் இழுக்கும் காற்றும் மாறும், அதற்கேற்ப, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்ற வேண்டும். அதை மட்டும் செய்து தரச் சொல்லித்தான் விட்டேன்.

மறுநாள் போன். "தம்பி, உங்க கார்பரேட்டர்ல ஸ்லைடு தேஞ்சு போச்சு, இனி செட் ஆகாது. 28 எம்எம் போட்டுட்டேன், ஓட்டிப் பாருங்க, பறக்கும்!" கம்பெனி போட்டுக் கொடுத்தது 20 எம்எம் வாய் உள்ள மிக்குனி கார்பரேட்டர். போர்ட் வேலை (சிலிண்டரின் வாயுத் துளைகளைப் பெரிதாக்குவது) எதுவும் செய்யாத 98 சிசி எஞ்சினுக்கு 28 எதற்கு? வாய் பெரிதானால் காற்றின் வேகம் குறையும், கீழ் ரேஸில் வண்டி இழுக்காது. போய்ப் பார்த்தால் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டியிருந்தார்கள். எஞ்சினுக்குத் தானாக ஆயில் விடும் ஆயில் பம்பையும் காணோம். இனிமேல் பெட்ரோலிலேயே லிட்டருக்கு 30 மில்லி ஆயில் கலந்து ஊற்ற வேண்டுமாம். பழைய கார்பரேட்டரைக் கேட்டேன். "அது ஸ்கிராப்ல போயிருச்சு தம்பி." பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் 9,500 என்று எழுதிக் கொடுத்தார், வேறு ஒரு விவரமும் இல்லை.

ஸ்டாண்டில் நிறுத்தி, ரேஸ் கொடுக்காமல் ஐடிலிங் விட்டுக் காட்டியபோது அழகாகத்தான் நின்றது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஐடிலிங்கைத் தீர்மானிப்பது பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். நடு ரேஸ், ரேஸோடு ஏறி இறங்கும் நீடில் என்ற ஊசியின் கையில், முழு ரேஸ் மெயின் ஜெட்டின் கையில். ஸ்டாண்டில் நிறுத்திவைத்தே இவை இரண்டையும் யாராலும் செட் செய்ய முடியாது.

பொள்ளாச்சி ரோட்டில் நான்காவது கியரில் முழு ரேஸ் கொடுத்துப் போகும்போது, இழுவை சட்டென்று தளர்ந்து, எஞ்சின் இறுகி, பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கவே பயமாக இருக்கிறது.

பட்டறைக்காரர் கூசாமல் சொன்னார்: "ஆயில் கம்மியா கலந்திருப்பீங்க." ரீபோர் (சிலிண்டரை உள்ளே குடைந்து சீராக்குவது), பிஸ்டன் எல்லாம் சேர்த்து இன்னும் 6,000 ஆகுமாம்.

வண்டியை டெம்போவில் ஏற்றிப் பல்லடத்தில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஸ்பார்க் பிளக்கைத்தான் கழற்றினார். பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, நுனியில் பொடிப்பொடியாக அலுமினியம். பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறி, பிஸ்டன் உருகத் தொடங்கியதன் அடையாளம் அது. கார்பரேட்டரைப் பிரித்தார். மெயின் ஜெட்டில் அளவைச் சொல்லும் நம்பரே இல்லை, யாரோ கம்பி விட்டுக் குடைந்த ஓட்டைதான் இருந்தது. நீடில் கிளிப் மேல் பள்ளத்தில் கிடந்தது. கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், நடு ரேஸிலும் பெட்ரோல் குறையும். பாடியில் கம்பெனி எழுத்து மழுங்கலாக வார்த்திருந்தது, பார்த்ததும் டூப்ளிகேட் என்றார்.

நான் ஆயிலை அளந்துதான் ஊற்றினேன். ஆனால் கலவையில் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் வழியாகத்தான் ஆயில் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறையும். ஊட்டி, கோத்தகிரி போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: பம்ப் இல்லாத வண்டியில் இறக்கத்தில் ரேஸை முழுக்க மூடிக்கொண்டு கியரிலேயே வேகமாக இறங்கினால், சுற்றும் எஞ்சினுக்கு ஆயில் போகாது.

பெரியவர் ரீபோர் செய்து, ஏர் பாக்ஸையும் ஆயில் பம்பையும் திரும்ப மாட்டி, ஒரு பழைய ஒரிஜினல் 20 எம்எம் தேடிப் போட்டார். ஜெட்டைப் பெரிதில் தொடங்கினார். பெட்ரோல் அதிகமானால் புகையும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டனே போய்விடும். காலியான ரோட்டில் முழு ரேஸில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து அதே நொடியில் எஞ்சினை ஆஃப் செய்து, ஓரமாக உருட்டி நிறுத்திப் பிளக்கைப் பார்ப்பார். அப்புறம் ஒரு நம்பர் குறைவான ஜெட். மறுபடி ஓட்டம். பிளக் பழுப்பு நிறத்துக்கு வரும்வரை விடவில்லை. டியூனிங் என்றால் அதுதான்.

வண்டியை விடும் முன் கார்பரேட்டரையும் எஞ்சின் பிளாக்கையும் நாலா பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். கழற்றும் பொருள் எதுவானாலும் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி இது, ஒரிஜினல் பாகத்தை யாரும் ஸ்கிராப்பில் போட மாட்டார்கள், நல்ல விலைக்குப் போகும். முன்பு என்ன ஜெட் இருந்தது, இப்போது என்ன நம்பர் போட்டார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

என் கார்பரேட்டர் இன்னும் கிடைக்கவில்லை. அடியில் உள்ள கிண்ணத்தின் இடது ஓரத்தில், மாமா அரத்தால் போட்ட இரண்டு சின்னக் கோடுகள் பக்கம் பக்கமாக இருக்கும். உக்கடம் பழைய சாமான் கடைகளிலோ வேறு யாரிடமோ கண்ணில் பட்டால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.