மலை ஏறும் முன் மீட்டரைப் பாருங்கள்: பொள்ளாச்சி பங்க்கில் போன 200 ரூபாய்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் வீட்டுக்காரியும் திருப்பூரிலிருந்து வால்பாறைக்கு வண்டியில் கிளம்பினோம். பழைய கார்புரேட்டர் பைக், டேங்க் 13 லிட்டர். பெட்ரோல் முள் நின்று வருஷக்கணக்காகிறது. அதனால் நான் எப்போதும் டிரிப் மீட்டரை வைத்துத்தான் கணக்குப் போடுவேன். இத்தனை வருஷத்தில் அது என்னைக் கைவிட்டதில்லை.

பொள்ளாச்சியை நெருங்கும்போது வண்டி இருமியது. பெட்ரோல் திருகியை ஆனிலிருந்து ரிசர்வுக்கு, அதாவது டேங்க் அடியில் அவசரத்துக்கு மிஞ்சும் கொஞ்சப் பெட்ரோலுக்கு, திருப்பினேன். வழியில் இருந்த ஒரு பங்க்கில் நிறுத்தி 500 ரூபாய்க்குப் போடச் சொன்னேன். லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேல், ஆக ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ரிசர்வில் ஒன்றேகால் லிட்டர். இரண்டு பேரோடு மலையில் லிட்டருக்கு 36 கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்றாலும் 220 தாராளமாகப் போகலாம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். போய்த் திரும்ப 128, மேலே சுற்ற ஒரு 60. கணக்கு சரியாக இருந்தது.

பெட்ரோல் போட்ட தம்பி 200-ல் நிறுத்திவிட்டார். 500 சொன்னேனே என்றதும், "மன்னிச்சுக்கோங்ணா, 200-னு காதுல விழுந்துச்சுங். மீதி 300 போட்டுடறேனுங்" என்றார். பணிவான பேச்சு. மறுபடி போட ஆரம்பித்த அதே நேரம் இன்னொருவர் வந்து, "கார்டுங்களா, ஜீபேங்களா?" என்று ஸ்கேன் அட்டையை நீட்டினார். நான் போனைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது நாசில் டேங்க்கை விட்டு வெளியே வந்திருந்தது. மீட்டரில் 300. "ஆச்சுங்ணா." முதலில் 200, அப்புறம் 300, ஆக 500 என்று என் மனமும் கூட்டிக்கொண்டது. 500 அனுப்பிவிட்டு டிரிப் மீட்டரை ஜீரோவில் வைத்தேன். அவசரத்தில் பெட்ரோல் திருகியை ரிசர்விலிருந்து ஆனுக்குத் திருப்ப மறந்துவிட்டேன். அது முழுக்க என் தவறு.

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சோலையாறு அணை, நல்லமுடி எல்லாம் பார்த்தோம். வால்பாறை ஊருக்குள் பங்க் இருக்கிறது. கணக்குப்படி தேவையில்லை என்று அதைத் தாண்டித்தான் இறங்கினோம். அட்டகட்டிக்குக் கொஞ்சம் மேலே, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வண்டி இருமி நின்றது. டிரிப் மீட்டரில் 151. திருகியைப் பார்த்தால் ஏற்கெனவே ரிசர்வில் இருக்கிறது. திருப்புவதற்கு ஒன்றுமில்லை.

இறக்கம்தானே, உருட்டிக்கொண்டே போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே வந்த பேருந்தின் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, "உருட்டாதீங்க, பிரேக் நிக்காது. யானை வர்ற நேரம், ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது முற்றிலும் சரி. எஞ்சின் ஓடாமல் நியூட்ரலில் இறங்கினால் எஞ்சின் பிடிப்பு கிடைக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும், வளைவுக்கு வளைவு சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போகும். ஆளோடு அப்படி இறங்கவே கூடாது.

பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் வீட்டுக்காரி கேட்டாள்: "ஏனுங்க, 500 குடுத்தீங்க, மீட்டர் 300-லதானுங்க நின்னுது. மீதி 200 திருப்பி வாங்குனீங்களா?"

எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. நாசிலை அதன் இடத்தில் தொங்கவிட்டு மறுபடி எடுத்தால்தான் மீட்டர் ஜீரோவுக்கு வரும். அந்தத் தம்பி தொங்கவிடவே இல்லை. கையில் பிடித்தபடி 200-லிருந்து தொடர்ந்து 300 வரை போட்டுவிட்டார். எனக்குக் கிடைத்தது மூன்று லிட்டருக்கும் குறைவு. ரிசர்வோடு சேர்த்தால் நாலேகால் லிட்டர்கூட இல்லை. 151 கிலோமீட்டருக்குச் சரியாக அவ்வளவுதான்.

எஸ்டேட் வேலை முடிந்து வந்த ஒரு அண்ணன் தன் வண்டியின் பெட்ரோல் டியூபைக் கழற்றி எங்கள் எவர்சில்வர் டிபன் டப்பாவில் அரை லிட்டருக்கு மேல் பிடித்துக் கொடுத்தார். காசு கொடுத்தும் வாங்கவில்லை. அவர் வராவிட்டால் அந்தக் காட்டில் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுநாளே அந்தப் பங்க்குக்குப் போனேன். மேலாளர் நேராக 5 லிட்டர் அளவுக் கலனை எடுத்து வந்து அளந்து காட்டினார். முத்திரை வைத்த அந்தக் கலன் எல்லா பங்க்கிலும் இருக்க வேண்டும், கேட்டால் யாருக்கும் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிவரைதான் குறையலாம். அளவு சரியாகவே இருந்தது. இருக்கத்தான் செய்யும், ஏமாற்று மெஷினில் இல்லையே. அந்த நேரத்துக்குரிய பில்லைக் கேட்டேன். தேடி எடுத்ததில் ஒரே பில், 300 ரூபாய். என் போனில் 500 போனதற்கான கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் பேச்சில்லாமல் 200 ரூபாயைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு புகார்ப் புத்தகத்தையும் கேட்டேன். அதற்குத்தான் முகம் மாறியது. எழுதிவிட்டு, நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்திருக்கிறேன். எடையளவு முறைகேட்டை நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை பார்க்கிறது, அங்கேயும் மனு கொடுத்தாயிற்று.

பாதியில் நிறுத்தினால் தொடர விடாதீர்கள். "இதுக்கு பில் குடுங்க, நாசிலை மாட்டிட்டு ஜீரோல இருந்து போடுங்க" என்று சொல்லுங்கள். பணம் கொடுப்பது நாசில் தொங்கிய பிறகு இருக்கட்டும், அதுவரை போனை எடுக்கவே வேண்டாம். கூட வந்தவரை மீட்டர் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். மலைக்குப் போகிறவர்கள் அடிவாரத்திலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். நிரம்புவது கண்ணால் பார்க்கக்கூடியது, தொகை சொல்லிப் போட்டதால்தான் எனக்கு இது நடந்தது. ஆழியாறு தாண்டினால் வால்பாறை ஊர் வரை பங்க் கிடையாது. அப்புறம், போட்டதும் திருகியை ஆனுக்குத் திருப்புங்கள். அன்று திருப்பியிருந்தால் வால்பாறையைச் சுற்றும்போதே வண்டி இருமியிருக்கும், ஊருக்குள் போய்ப் போட்டுக்கொண்டிருப்போம்.