ஜிப்ஸியா, ஜோங்காவா? ராணுவம் கழித்த வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு

ராணுவம் கழித்துவிட்ட, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்-வீல் டிரைவ் வண்டிதான் வேண்டும் என்று முடிவான பிறகு என் முன்னால் இருந்தவை இரண்டு: மாருதி ஜிப்ஸி, ஜோங்கா. ஜிப்ஸியை எடுத்தேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

கம்பீரத்தில் ஜோங்காவுக்குப் பக்கத்தில்கூட ஜிப்ஸி நிற்காது. நிஸான் பேட்ரோலை அடியொற்றி ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் தயாரான வண்டி ஜோங்கா. சுமார் 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். டாங்கிகளை அடிக்கும் 106 மி.மீ. பீரங்கியைச் சுமந்து திரிந்தது. நண்பருடைய ஜோங்காவை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்த அளவுதான் என் அனுபவம். ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரியும் சொல்லலாம். ஆனாலும் அந்த இழுவை அருமை, திணறாமல் மேடு ஏறுகிறது. பெட்ரோல் செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலர் டீசல் இன்ஜினுக்கு மாற்றிக்கொண்டது அதனால்தான்.

ஜிப்ஸி 1985-இல் ஒரு லிட்டருக்கும் குறைவான இன்ஜினோடு வந்தது. 1990களில் 1.3 லிட்டர் ஆனது. வண்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன்தான். சேற்றில் சிக்கினாலும் நாலு பேர் கை கொடுத்தால் வெளியே வந்துவிடும். சொகுசு கிடையாது, நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், குழியில் இறங்கினால் முதுகு சொல்லும்.

இதெல்லாம் இரண்டாம்பட்சம். என்னை முடிவெடுக்க வைத்தது உதிரிபாகம். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜின் மாருதியின் எஸ்டீம் காரில் ஓடிய அதே குடும்பத்தது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் சின்ன ஊரிலும் உண்டு. கிளட்ச், பிரேக், பேரிங் என்று எது போனாலும் கடையில் கேட்டு வாங்கலாம். பொதுமக்களுக்கும் 2019 வரை புதிதாக விற்ற வண்டி என்பதால் பாகங்களுக்குப் பெரிய சந்தை இருக்கிறது. ஜோங்கா அப்படியல்ல. பெரும்பாலும் ராணுவத்துக்கென்றே செய்தார்கள், இருபதாம் நூற்றாண்டோடு தயாரிப்பும் நின்றுபோனது. ஒரு பாகம் உடைந்தால் கழித்த வண்டிகளைப் பிரித்து விற்பவரைத் தேட வேண்டும், இல்லையென்றால் லேத்தில் கடைந்து வாங்க வேண்டும். அதுவரை வண்டி பட்டறையிலேயே கிடக்கும். ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு இந்த ஒன்று போதும். பழைய வண்டியைப் புதுப்பிப்பதே ஆசை, நம்பகமான பட்டறையும் கைவசம் இருக்கிறது என்றால் ஜோங்காவை வாங்குங்கள், தடுக்க மாட்டேன்.

ஜிப்ஸியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. முன் சக்கரங்கள் திரும்பும் மூட்டான நக்கிள் பகுதியில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கே தேய்மானம் இருந்தால் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். தரைத்தகட்டின் விரிப்பைத் தூக்கித் துருவைப் பாருங்கள். இன்ஜின் வேலையைவிட டிங்கரிங் செலவு கூடிவிடலாம். ஃபோர்-வீல், லோ கியர் இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

எதை வாங்கினாலும் ராணுவம் வண்டியை ஏலம் விட்டதற்கான ஆவணத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஆலிவ் பச்சையை அப்படியே விடவும் முடியாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். பெயின்ட் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.