பில்லில் 1950 சிசி, பிளாக்கில் 1868 சிசி: எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி ரோட்ஸ்டருக்கு ‘ஸ்டேஜ் 2’ இன்ஜின் (சக்தி கூட்டிய இன்ஜின்) செய்யக் கொடுக்கப்போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இங்கே சொல்லப்போகும் வண்டி 1969 மாடல், ஓடுவது இங்கிலாந்தில். ஒர்க்‌ஷாப்பின் பெயர் வேண்டாம். இந்த வித்தை தெரிந்த இடம் அது ஒன்றுதான் என்று நினைக்க முடியாது.

பில்லில் இருந்தவை: சிலிண்டரைக் குடைந்து 1950 சிசிக்குப் பெரிதாக்கும் ரீபோர், புது பிஸ்டன், காற்றுவழியைச் செதுக்கிச் சீராக்கிய (‘போர்ட்’ செய்த) சிலிண்டர் ஹெட், 45 டிசிஓஇ வெபர் கார்புரேட்டர், ‘ஹை ஃப்ளோ’ எலக்ட்ரிக் ஃப்யூவல் பம்ப், 130 பிஎச்பி காட்டும் டைனோ ஷீட் (சக்தியை அளக்கும் இயந்திரம் தரும் தாள்). 800 மைல் ஓடியபின் பார்த்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை. ஆயில் குறைந்தால் கவலைப்படுகிறோம். ஏறினால்தான் உண்மையில் பயப்பட வேண்டும்.

காரணம் பம்ப். வெபருக்கு 3 பிஎஸ்ஐ பக்கம் அழுத்தம் இருந்தால் போதும்; எம்ஜிபியின் வழக்கமான எஸ்யு கார்புரேட்டருக்கும் அவ்வளவே. மாட்டியிருந்தது 6 பிஎஸ்ஐக்கு மேல் தரும் பம்ப், ரெகுலேட்டர் கிடையாது. அந்த அழுத்தத்தை கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் சேம்பரின் நீடில் வால்வால் அடக்க முடியாது. பெட்ரோல் வழிந்து சிலிண்டருக்குள் இறங்கும், சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவும், பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்து அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் சேரும். புது ரிங் படியும் முன்பே தேய்ந்துவிடும். வேண்டியது அழுத்தம் அல்ல, அளவு. 130 பிஎச்பி இன்ஜின் முழு த்ராட்டிலில் மணிக்குச் சுமார் 40 லிட்டர் குடிக்கும்; நிமிடத்துக்கு 1 லிட்டர் தரும் பம்ப் இருந்தால் தாராளம். கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு டி-பீஸ் (மூன்று வாய் இணைப்பு) போட்டு, 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டும் சின்ன கேஜ் மாட்டிப் பாருங்கள். ஐடிலிலும் பார்க்க வேண்டும், இன்ஜின் அணைந்து இக்னிஷன் மட்டும் ஆனில் இருக்கும்போதும் பார்க்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றியபோதுதான் பெரிய திருட்டு தெரிந்தது. பிஸ்டன் தலையில் ‘060’ என்று அச்சு. எம்ஜிபியின் ஸ்டாண்டர்ட் போர் (சிலிண்டர் விட்டம்) 80.26 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88.9 மிமீ, அதாவது 1798 சிசி. 0.060 அங்குல ஓவர்சைஸ் என்றால் போர் 81.78 மிமீ, கணக்குப் போட்டால் 1868 சிசி. 1950 வேண்டுமென்றால் போர் 83.5 மிமீ அளவுக்குப் போக வேண்டும். அதற்கு முன் பிளாக்கின் சுவர்த் தடிமனை அல்ட்ராசோனிக்கில் சோதிக்க வேண்டும், பிஸ்டனும் விலை அதிகம். அந்தச் செலவு முழுவதும் மிச்சம் பிடிக்கப்பட்டிருக்கிறது. 1868 மோசமான அளவே அல்ல, ரோட்டுக்கு நல்ல இன்ஜின். 1950க்கான காசை வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்ததுதான் அயோக்கியத்தனம்.

ஹெட்டைக் கழற்றாமலும் இதைப் பிடிக்கலாம். ஸ்பார்க் பிளக் துளை வழியே மலிவான எண்டோஸ்கோப் கேமராவை விட்டு, பிஸ்டனை மேலே கொண்டுவந்து அச்சைப் படியுங்கள். கார்பன் படியாத புது இன்ஜினில் பளிச்சென்று தெரியும். டெலிவரி எடுக்கும் அன்றே செய்யுங்கள்.

டைனோ ஷீட்டும் பொய். பவுண்டு-அடியில் டார்க்கை (திருகுவிசையை) ஆர்பிஎம்மால் பெருக்கி 5252ஆல் வகுத்தால் பிஎச்பி வர வேண்டும். அந்தத் தாளில் 5,500 ஆர்பிஎம்மில் 130 பிஎச்பி, அதே இடத்தில் டார்க் 110. கணக்கில் வருவது 115தான். இரண்டு கோடும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டிருந்தால் 5,252இல் வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டவில்லையென்றால் அந்த எண்கள் டைனோவிலிருந்து வந்தவை அல்ல. சக்கரத்தில் கிடைக்கும் வீல் பவரா, இன்ஜினிலேயே கிடைக்கும் ஃப்ளைவீல் பவரா என்றும் கேளுங்கள்.

இனி ஃப்யூவல் சிஸ்டம். வெபரே இந்த இன்ஜினுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. எம்ஜிபியின் பி-சீரிஸ் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் போர்ட் (காற்று-பெட்ரோல் நுழையும் வழி): 1, 2க்கு ஒன்று, 3, 4க்கு ஒன்று. சிலிண்டருக்கு ஒரு சோக் (தனிக் காற்றுக்குழல்) என்பதுதான் டிசிஓஇ வெபரின் பெருமை. இங்கே அது கிடைக்காது. 1¾ அங்குல எஸ்யு எச்எஸ்6 ஜோடி போட்டு, ரோலிங் ரோடில் (உருளை மேல் வண்டியை ஓட்டி அளக்கும் இடத்தில்) லாம்டா, அதாவது காற்று-பெட்ரோல் விகிதம் பார்த்து, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் எஸ்யு நீடிலைத் தேர்ந்தால் பணமும் மிச்சம், டவுனில் ஓட்டவும் சுகம். முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13 வரை நிற்க வேண்டும். பழைய நீடிலை அப்படியே விட்டால் மேல் ஆர்பிஎம்மில் லீனாகி (பெட்ரோல் போதாமல்) பிஸ்டனைச் சுட்டுவிடும்.

அதே ஒர்க்‌ஷாப் ‘கார்புரேட்டர் சரியில்லை, ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் போட்டுவிடலாம்’ என்று அடுத்த பில்லுக்கும் அடிபோட்டது. அதிலும் சிக்கல் உண்டு. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. 3ஆம் சிலிண்டர் காற்றை இழுத்ததும் 4 இழுக்கும். பிறகு ஏறக்குறைய ஒரு சுற்று அந்த போர்ட் சும்மா கிடக்கும். சாதாரண கிட் அந்த நேரத்திலும் தெளித்துக்கொண்டிருக்கும். தேங்கியதை 3 அள்ளிக்கொள்ள, 4 லீனாகும். 2க்கும் 1க்கும் இதே கதை. இன்ஜெக்டர் டைமிங்கை சிலிண்டர் வாரியாக அமைக்கத் தெரியாதவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். 1967க்கு முந்தைய வண்டியென்றால் இன்னொரு தொல்லை: பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும்), 22 ஆம்பியர் டைனமோ. ஈசியு (இன்ஜெக்டரை இயக்கும் கம்ப்யூட்டர்) வைப்பதற்கு முன் இரண்டையும் மாற்றியாக வேண்டும்.

பெட்ரோல் ஹோஸையும் திருப்பிப் பாருங்கள். இந்த வண்டியில் எந்த எழுத்தும் இல்லாத ரப்பர் குழாய். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10 (10% வரை எத்தனால் கலந்தது). பழைய வகை ரப்பரில் எத்தனால் விரிசல் விழ வைக்கும். ஹோஸ் மேல் ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சு இருக்க வேண்டும். கார்புரேட்டருக்கு நேர் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருக்கிற இன்ஜின் இது, தீப்பிடிக்க ஒரு சொட்டு பெட்ரோல் போதும்.

பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், முன்பணமாவது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள வேலைக்கு, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. எஸ்டிமேட்டில் ‘ஸ்டேஜ் 2’ என்று எழுத விடாதீர்கள். போர் எத்தனை மிமீ, பிஸ்டன் பார்ட் நம்பர், பம்ப் அழுத்தம், நீடில் அல்லது ஜெட் எண், எல்லாம் எழுத்தில் வேண்டும். பழைய பிஸ்டன்களையும் கேட்டு வாங்கி வையுங்கள்.