186 டாலர் போச்சு: பூஸ்ட் ஃபூலர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று இரவு கடையிலிருந்து கடைசி பதில் வந்தது. "இந்தப் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான். 186 டாலருக்கு ஒரு வரிப் பதில். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 2000 மாடல் ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். பவரைக் கூட்டும் சிப் போட்ட பிறகு, ட்ரெய்லரோடு ஏற்றத்தில் மிதித்தால் பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், 25 பிஎஸ்ஐ பக்கம் போகும்போதே கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். இதற்குத்தான் ஃபூலர். உள்ளே பிரஷர் எவ்வளவு ஏறினாலும் ஓர் அளவுக்கு மேல் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் மறைக்கிற சாமான்.

இதில் மெக்கானிக்கல் வகை, அந்த அழுத்தத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மேப் சென்சாருக்குப் போகும் ஹோஸின் நடுவே மாட்டுகிற சின்ன வால்வு. ஸ்பிரிங்கும் திருகும் இருக்கும், வைத்த அளவைத் தாண்டினால் மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடும். எலக்ட்ரானிக் வகை ஒயரில் உட்காரும். சென்சார் அனுப்பும் வோல்ட்டை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாது. காற்றுக் கசிவு கிடையாது, அளவு நகராது. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

டீசல் உதிரிபாகம் விற்கும் ஓர் இணையக் கடை. பெயர் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்னால் சாட்டில் கேட்டேன்: "என் வண்டியில் சென்சாருக்கு ஹோஸ் போகிறது, இந்த எலக்ட்ரானிக் பெட்டி சரிப்படுமா?" இரண்டே நிமிடத்தில் பதில்: "எல்லா டர்போ டீசலுக்கும் சரிப்படும். என் 7.3-இலேயே மூன்று வருடமாக ஓடுகிறது." என் 7.3-இலேயே! அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். அதற்கு மேல் யார் விசாரிப்பார்கள்?

மாட்டுவதற்கு சென்சாரின் சிக்னல் ஒயரை வெட்டச் சொல்லியிருந்தது. வெட்டினேன். வண்டியைக் கிளப்பியதும் எஞ்சின் விளக்கு எரிந்தது. இழுவை முன்பு இருந்ததைவிட மோசம். இரண்டு நாள் இணைப்பை நோண்டிய பிறகு, விஷயம் தெரிந்த நண்பர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 7.3-இன் மேப் சென்சார் வோல்ட்டை ஏற்றி இறக்கிப் பேசுவதே இல்லை. ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கில் பேசுகிறது. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் சுமார் 110 ஹெர்ட்ஸ் காட்டும், பூஸ்ட் ஏற ஏற அந்த எண்ணிக்கை ஏறும். வோல்ட்டை வெட்டுகிற பெட்டிக்கு இங்கே என்ன வேலை? 5.9 கம்மின்ஸ் 24 வால்வு டீசல் எஞ்சின் போல, சென்சார் எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலேயே திருகியிருந்து வோல்ட் அனுப்புகிற வண்டிக்கானது அது.

கடைக்கு எழுதினேன். முதல் பதில்: "எர்த் சரியாக இல்லை." சரி, அதையும் மாற்றிப் பார்த்தேன். அடுத்தது: "ஒயர் வெட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." வெட்டச் சொன்னது யார்? மூன்றாவது பதில்தான் உச்சம்: "இது சாலைக்கு வெளியே ஓட்ட மட்டும், வாரண்டி கிடையாது." விற்கும்போது அப்படி ஒரு பேச்சே இல்லை. சாட்டில் சொன்னதைப் படம் பிடித்து அனுப்பினேன். "அந்த ஊழியர் இப்போது இங்கே இல்லை" என்றார்கள். ஆளும் போனார், அவருடைய 7.3-உம் போனது, என் 186 டாலரும் போனது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத எரிச்சல்தான் ஏறுகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சென்சார் வோல்ட்டா ஹெர்ட்ஸா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், கடைக்காரரைக் கேட்காதீர்கள். ஹோஸ் இருக்கிற 7.3-க்கு மெக்கானிக்கல்தான். எதைப் போட்டாலும் ஃபூலருக்கு முன்னாலிருந்து தனி பூஸ்ட் கேஜ் எடுங்கள், ஸ்கேன் கருவி காட்டுவது பொய்யான கணக்காகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரை ஏமாற்றலாம், டர்போவையும் ஹெட் கேஸ்கெட்டையும் ஏமாற்ற முடியாது, அதனால் புகைச் சூடு பார்க்கும் கேஜும் வேண்டும். அப்புறம், திருப்பி எடுப்பார்களா என்று எழுத்தில் வாங்காமல் ஒயரில் கை வைக்காதீர்கள்.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன். வெட்டிய ஒயரை இன்று சாயங்காலம் சால்டர் வைத்து ஒட்ட வேண்டும்.